வண்டிக்கு ஒரு கிளெய்ம், உடம்புக்கு ஒரு கிளெய்ம்

பங்குனி வந்தால் கர்நாடகத்து மேல்கோட்டையில் வைரமுடி சேவை. மண்டியா கருவூலத்திலிருந்து போலீஸ் காவலோடு, வழியில் ஊர் ஊராக மரியாதை ஏற்றுக்கொண்டு மலையேறுகிறது அந்த முடி. அதைச் சாத்திக்கொண்டு உற்சவர் செல்வப்பிள்ளை புறப்படுகிற இரவைப் பார்க்க ஸ்ரீரங்கம், காஞ்சிபுரம், சேலம், கோவை என்று எங்கிருந்தெல்லாமோ தமிழர்கள் காரிலும் வேனிலும் போகிறார்கள். சேவை முடிய நள்ளிரவு தாண்டிவிடும். “மைசூர் ஐம்பது கிலோமீட்டர்தானே, விடியறதுக்குள்ள போயிடலாம்” என்று அப்படியே கிளம்புகிறவர்கள் நிறைய. டிரைவர் முந்தின நாள் காலையிலிருந்து கண்ணை மூடியிருக்க மாட்டார். மலையிறங்கி ஜக்கனஹள்ளி தாண்டினால் மண்டியா மாவட்டத்துக் கரும்புச் சாலை. பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் லோடு டிராக்டர்கள் ஓரமாக நிற்கும்.

டீயைக் குடித்தபடியே கேளுங்கள், அவசரமில்லை. அப்படி ஒரு டிராக்டரில் கார் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உயிர்ச்சேதம் இல்லை. டிரைவருக்கு நெஞ்சில் அடி, முன்சீட்டில் இருந்தவருக்கு முழங்கால், பின்சீட்டில் மாமிக்குத் தலையில் ஒரு சின்ன வீக்கம். ஊருக்குப் போன் போனதும் வரும் இரண்டாவது கேள்வி எது தெரியுமா? “வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கில்ல?” எல்லாரும் வண்டியின் பின்னால் ஓடுகிறார்கள். பானெட் படம் எடுக்கிறார்கள், கம்பெனிக்குப் போன் செய்கிறார்கள், ஷெட்டுக்கு இழுக்கிறார்கள். மூன்று வாரத்தில் வண்டி பளபளவென்று வந்துவிடும். முழங்கால் வராது. அந்தக் காலுக்கும் ஒரு கிளெய்ம் இருக்கிறது, அது வண்டிக் கிளெய்மைவிடப் பல மடங்கு பெரியது, அதற்கு வேறு இடம், வேறு தாள், வேறு கெடு. இதைத்தான் நம் வீடுகளில் கோட்டைவிடுகிறோம்.

வண்டிக் கிளெய்மை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அதில் பெரிய சூட்சுமம் இல்லை. அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். சர்வேயர் பார்க்கும்முன் எதையும் கழற்றக் கூடாது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு விலையில் பாதியைத்தான் தருவார்கள். ‘பம்பர் டு பம்பர்’ எடுத்திருந்தால் அந்தக் கழிவு இல்லை. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ என்று தீர்த்துவிடுவார்கள். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் உங்கள் வண்டிக்குச் சல்லிக்காசு கிடையாது. அவ்வளவுதான் அது.

இனி உடம்பு. பணத்துக்கு முன்னால் உயிர். மேல்கோட்டைக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் அறுபது தாண்டியவர்கள். அதில் பலர் இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்குத் தலையில் படும் சின்ன அடியைச் சின்னதாக நினைக்கவே கூடாது. மண்டையோட்டுக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சிலருக்கு மறுநாள் தெரியும், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம்: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே ஸ்கேன். “வயசாயிடுத்து, அலைச்சல்” என்று விட்டுவிடுவதால் போகிற உயிர்கள் உண்டு. அதேபோல் சீட் பெல்ட் பதிந்த தடம் வயிற்றில் சிவந்திருந்தால், வலி குறைவாக இருந்தாலும் உள்ளே மண்ணீரலில் அடி பட்டிருக்கலாம். டாக்டரிடம் அந்தத் தடத்தைக் காட்டுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எங்கே கொண்டுபோவது? 108 அல்லது 112. பெங்களூரு–மைசூரு அதிவேகச் சாலையில் என்றால் 1033-ம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் என்றால் மண்டியாவில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, மைசூரில் கே.ஆர். ஆஸ்பத்திரி. “போலீஸ் கேஸ், முதலில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வாருங்கள்” என்று யாராவது சொன்னால் நகராதீர்கள். முதலில் சிகிச்சை, மற்றதெல்லாம் பிறகு என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. அது தனியார் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத்தான். 2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் திட்டம் ஒன்றும் வந்திருக்கிறது: நாட்டில் எந்தச் சாலையில் அடிபட்டாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள்வரை, தலைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்வரை கையிலிருந்து காசு கட்டாமல் சிகிச்சை. நம் ஊரில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்கு மட்டும்தான். ஓசூர் தாண்டிவிட்டால் அதைக் கேட்க முடியாது. மத்தியத் திட்டத்தைக் கேளுங்கள்.

இப்போது தாள். இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் ஒரு பதிவேடு இருக்கும். யார், எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டு, யார் கூட்டிவந்து, எங்கெங்கே காயம் என்று டியூட்டி டாக்டர் எழுதுவார். எம்.எல்.சி. என்பார்கள். நம் ஊரில் அதன் நகலுக்கு ஏ.ஆர். காப்பி என்று பெயர். கர்நாடகத்தில் போலீஸ் கேட்டதும் ஆஸ்பத்திரி தருவது வூண்ட் சர்ட்டிஃபிகேட். உங்கள் கிளெய்மின் ஆணிவேர் அந்த முதல் நான்கு வரி. போலீஸ் தொந்தரவு வேண்டாமென்று யாரோ ஒருவர் “வழுக்கி விழுந்துட்டார்” என்று சொல்லிவிடுவார். டாக்டர் அதை அப்படியே எழுதுவார். ஒன்றரை வருஷம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத் தூக்கிக் காட்டி, இது விபத்தே இல்லை என்பார். பிறகு நீங்கள் என்ன சாட்சி கொண்டுவந்தாலும் மலையேற்றம்தான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வண்டி நம்பரோடு சொல்லுங்கள். தலை, கழுத்து, முதுகு, கால் என்று வலிக்கும் இடம் ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லுங்கள். பெரிய எலும்பு முறிவைப் பார்க்கும் அவசரத்தில் மணிக்கட்டு வலி விட்டுப்போகும். பத்து நாள் கழித்து அது முறிவு என்று தெரிந்தால், அது இந்த விபத்தில் வந்ததா என்ற கேள்வி எழும்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். அங்கே வாக்குமூலம் கன்னடத்தில்தான் எழுதப்படும். மேல்கோட்டையிலேயே தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. கோயில் பழக்கத்தில் ஒருவரைத் தெரிந்தாலும் கூப்பிட்டு, எழுதியதை வரிக்கு வரி வாய்விட்டுப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நேரம், இடம், எந்தத் திசையில் போனீர்கள், டிராக்டர் ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா, விளக்கு இருந்ததா இல்லையா: இந்த விஷயங்கள் நீங்கள் சொன்னபடி இருக்கின்றனவா என்று கேட்டபிறகு கையெழுத்து. பிறகு நகலைக் கேட்டு வாங்குங்கள். புகார் கொடுத்தவருக்கு அது இலவசம், சட்டப்படி. அங்கே தங்க முடியாமல் ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள் என்றால், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எல்லைக்கு வெளியே நடந்தது என்று திருப்பி அனுப்பக் கூடாது. எதிர் வண்டியின் நம்பரைப் போட்டோ எடுத்திருந்தால் எம்பரிவாகன் ஆப்பில் தட்டிப் பார்க்கலாம், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

2022 ஏப்ரலிலிருந்து போலீசுக்கும் கெடு வைத்திருக்கிறார்கள். 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போக வேண்டும், 90 நாளுக்குள் முழு அறிக்கை. ஸ்டேஷனில் உங்களிடம் படிவங்கள் நிரப்பச் சொன்னால் இதற்காகத்தான். அலட்சியம் வேண்டாம்.

சரி, பணம் யார் தருவது? நீங்கள் டிரைவரா, உட்கார்ந்து வந்தவரா என்பதைப் பொறுத்து இதற்குப் பதில் தலைகீழாக மாறும்.

உட்கார்ந்து வந்தவர் என்றால், தப்பு யார் மேல் என்று ரோட்டில் நடக்கும் சண்டையில் உங்களுக்கு வேலையே இல்லை. டிராக்டர்காரர் விளக்கில்லாமல் நிறுத்தியதும் தப்பு, கார்க்காரர் தூக்கக் கலக்கத்தில் ஓட்டியதும் தப்பு என்று வையுங்கள். இரண்டு பேர் தப்பிலும் அடிபட்ட மூன்றாவது ஆள், முழு இழப்பீட்டையும் இருவரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம். அவர்கள் பங்கைப் பிறகு தங்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே தீர்ப்பாயத்தில் போடும் இழப்பீட்டு மனுவில் இரண்டு வண்டி உரிமையாளரையும் இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். டிராக்டருக்கு இன்சூரன்ஸ் செத்துப்போயிருந்தால் இது உங்களைக் காப்பாற்றும்.

ஆனால் நீங்கள் வந்த கார் தரும் பணம், அந்தக் காரின் பாலிசியைப் பொறுத்தது. மஞ்சள் போர்டு என்றால் உள்ளே பயணிக்கும் ஆளுக்குச் சட்டமே காப்பீடு தருகிறது. சொந்தக்காரர், நண்பர் கார் என்றால், ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கும்போது பின்சீட்டில் வந்தவருக்கும் கம்பெனி பொறுப்பு. வெறும் தேர்டு பார்ட்டி என்றால் அந்தக் கம்பெனி கைவிரித்துவிடும். இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2012-ல் நிலைநாட்டியது பாலகிருஷ்ணன் வழக்கில்; சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. பழைய கார்களுக்குப் பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுக்கொண்டு, அதில் வயதான அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு ஐநூறு கிலோமீட்டர் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இன்னொன்று, வெள்ளை போர்டு காரை வாடகை பேசி எடுத்துக்கொண்டு போவது. ஊருக்கு ஊர் நடக்கிறது. சொந்த உபயோகத்துக்கான பாலிசி அது. வாடகைக்கு ஓடியது என்று தெரிந்தால் கம்பெனி அதையே காரணமாகப் பிடித்துக்கொண்டு வழக்காடும். நாலாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக அந்த வம்பு வேண்டாம். வேன் டிரைவரிடம் சாதாரண கார் லைசென்ஸ்தான் இருக்கிறது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டியதில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் அந்த லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

டிரைவர் விஷயம் கடினம். தப்பு அவர் பேரில் என்றால், தேர்டு பார்ட்டி காப்பீடு அவருக்குக் காசு தராது. மேல்கோட்டைக்கு வடமேற்கே அரசிக்கெரெ பக்கம் 2014 ஜூனில் ஒரு கார் கவிழ்ந்தது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டி வந்தவர் இறந்துபோனார். வீட்டார் 80 லட்சம் கேட்டார்கள். வேகமாக ஓட்டியது அவர்தான், தன் தப்புக்குத் தானே இழப்பீடு கேட்க முடியாது என்று தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், கடைசியில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் என்று மூன்று இடத்திலும் கதவு மூடிவிட்டது. இரவல் வண்டி வாங்கி ஓட்டுகிறவருக்கும் இதே கதிதான். வடகர்நாடகத்தில் இல்கல்லிலிருந்து இரவல் மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் போன ஒருவர் மாட்டுவண்டியில் மோதி இறந்த வழக்கில், இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார் என்று 2009-லேயே சொல்லியாயிற்று. இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது ஒன்றுதான்: உரிமையாளர்–டிரைவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018-லிருந்து அது 15 லட்சம். இறந்தால் முழுத் தொகை, ஒரு கையோ காலோ கண்ணோ போனால் பாதி. தப்பு யார் மேல் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் வண்டி ஆர்.சி. அவர் பேரில் இருக்க வேண்டும், லைசென்ஸ் செல்லுபடியாக வேண்டும். அப்பா பேரில் கார், ஓட்டுவது மகன் என்றால் இது மகனுக்கு இல்லை. அவருக்கென்று தனி விபத்துப் பாலிசி எடுத்து வைப்பதுதான் வழி.

இந்த இடத்தில் வீட்டுக்குள் ஒரு பேச்சு எழும். ஓட்டினது மாப்பிள்ளை. “மாப்பிள்ளை மேலேயே கேஸ் போடச் சொல்றேளா?” என்று மாமி கேட்பார். நியாயமான தயக்கம். கேஸ் என்றால் மாப்பிள்ளையின் சொத்தைப் பறிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பாலிசி செல்லுபடியாகி, லைசென்ஸும் சரியாக இருந்தால் பணம் தருவது இன்சூரன்ஸ் கம்பெனி. வருஷா வருஷம் பிரீமியம் கட்டியதே இதற்குத்தான். அஜாக்கிரதையாக ஓட்டியதற்கான குற்ற வழக்கு அவர் மேல் இருக்கும் என்பது உண்மை. அதை மறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதற்குப் பயந்து எஃப்.ஐ.ஆரே இல்லாமல் ஊர் திரும்பினால், மாமியின் ஆஸ்பத்திரிச் செலவு அதே மாப்பிள்ளை தலையில்தான் விழும். உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

எவ்வளவு கிடைக்கும் என்பது நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது என்று ஊரில் பேசுவார்கள். அப்படியில்லை, அது கணக்கு. முன்சீட்டில் முழங்கால் போனவர் கல்யாண சமையல்காரர், வயது 38, மாதம் 18,000 சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில், நாற்பதுக்குக் கீழே. எதிர்காலத்தில் வருமானம் கூடியிருக்கும் என்பதற்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும்; இது 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் வகுத்தது. இறப்புக்கு மட்டுமல்ல, ஊனத்துக்கும் இது சேரும் என்று 2020-ல் உறுதியானது. அப்படியானால் மாதம் 25,200, வருஷத்துக்கு 3,02,400. 36 முதல் 40 வயதுவரை பெருக்கும் எண் 15. இது 2009-ல் சரளா வர்மா வழக்கில் வந்த அட்டவணை. பெருக்கினால் 45,36,000. இதில் ஊனத்தின் சதவீதம்தான் அவருக்கு.

அந்தச் சதவீதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. டாக்டர் ‘வலது காலில் 30 சதவீத ஊனம்’ என்று எழுதுகிறார். கர்நாடகத்தில், காலுக்கு 30 என்றால் முழு உடம்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, பத்து, என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பத்து என்றால் 4,53,600. ஆனால் இவர் சமையல்காரர். பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும், குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், அண்டாவைத் தூக்க வேண்டும். 2010-ல் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு இதைத்தான் விளக்கியது: உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்று பார்க்காதே, பிழைப்பில் எத்தனை சதவீதம் போனது என்று பார். இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகலாம். அதே கை போன அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை நிலைக்கலாம். இந்தச் சமையல்காரருக்குப் பிழைப்பில் 30 போய்விட்டது என்று நிரூபித்தால் 13,60,800. வித்தியாசம் ஒன்பது லட்சத்துக்கு மேல். அதே கால், அதே முறிவு, அதே எக்ஸ்ரே.

நிரூபிப்பது எப்படி? ஆபரேஷன் செய்த டாக்டரே வந்து சாட்சி சொல்வது உத்தமம். சிகிச்சை தராத யாரோ ஒரு டாக்டர் கடைசியில் எழுதித்தரும் சான்றிதழை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கல்யாண மண்டபத்தாரின் கடிதம், ஜிபேயில் வந்த அட்வான்ஸ், வங்கிப் புத்தகம், விபத்துக்குப் பிறகு கைமாறிப்போன ஆர்டர்கள், எல்லாம் சாட்சிதான். ஒன்றுமே இல்லாத கூலித் தொழிலாளியானாலும் வாய்மொழியைத் தள்ளிவிட முடியாது. கர்நாடகத்துக் கூலி ஒருவர் மாதம் 4,500 சம்பாதித்தேன் என்றார், தீர்ப்பாயம் 3,000 என்று குறைத்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் 4,500-ஐயே ஏற்றுக்கொண்டது. வயதுக்குப் பள்ளிச் சான்றிதழ் கொண்டுபோங்கள். பிறந்த தேதிக்கு ஆதார் ஆதாரமாகாது என்று 2024 அக்டோபரில் தீர்ப்பு வந்திருக்கிறது. இது சின்ன விஷயமில்லை. 38 என்பது 41 ஆகிவிட்டால் நாற்பது சதவீதம் இருபத்தைந்தாகும், பதினைந்து பதினாலாகும்.

இதற்கு மேல் மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு, ஆட்டோ, சத்தான ஆகாரம், வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் தனித்தனித் தலைப்பில் சேரும். மருந்துக் கடை பில் மங்கிப்போகும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு.

பின்சீட்டு மாமியை மறந்துவிடாதீர்கள். “வேலை?” என்று ஸ்டேஷனில் கேட்டால் “வீட்டில் சும்மாதான் இருக்கா” என்று பக்கத்தில் நிற்கும் ஆண் பதில் சொல்வார். இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்பு உண்டு என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே எழுதியது. ஐந்து பேருக்குச் சமைத்து, பேரனைப் பள்ளிக்கு விட்டு, மாமியாரைக் கவனித்துக்கொண்டவர் என்று எழுதச் சொல்லுங்கள். உண்மை அதுதானே.

கடைசியாக, கையெழுத்து. இதில் மூன்று இடத்தில் கவனம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில், தப்பு யார் மேல் என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் வாங்கலாம். வழக்கு நடத்தச் சாட்சியே இல்லாதவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதை ஒப்புக்கொண்டு வாங்கினால் பெரிய மனு செத்துவிடும். நம் சமையல்காரர் வாங்கினால் பதினோரு லட்சம் நஷ்டம். மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டது, நம்பரே தெரியவில்லை என்றால் தனித் திட்டம்: இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000, மனு போக வேண்டியது விபத்து நடந்த தாலுகாவின் விசாரணை அதிகாரிக்கு. லோக் அதாலத் நல்ல வழி, வருஷக்கணக்கில் அலைய வேண்டாம்; ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் அப்பீல் கிடையாது, ஆகவே மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து “நான் பார்த்துக்கறேன், வர்றதுல கால்வாசி குடுங்க” என்கிறவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துச் சம்பளம் பேசுவது வக்கீல்களின் சொந்த விதிகளிலேயே தடுக்கப்பட்டது. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும்.

அரசு அறிவிக்கும் நிவாரணத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேல்கோட்டை இருக்கும் அதே பாண்டவபுரா தாலுகாவில், 2018 நவம்பர் 24 அன்று கனகனமரடி அருகே தனியார் பஸ் விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் விழுந்து 30 பேர் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஐந்து வருஷம் கழித்து அதே கால்வாயில், பனகட்டா அருகே ஒரு கார் விழுந்து ஐந்து பேர். 2018-ல் மாநில அரசு தலைக்கு ஐந்து லட்சம் அறிவித்தது. அது அரசின் உதவி. வண்டியின் இன்சூரன்ஸ் தர வேண்டியது சட்டப்படியான கடன். ஒன்றை வாங்கியதால் இன்னொன்றைக் கேட்கும் உரிமை போய்விடாது. இறந்தவரின் எல்.ஐ.சி. பணத்தையும் இதில் கழிக்க முடியாது, 1998-லேயே தீர்ந்த விஷயம்.

மனு போட மண்டியாவுக்கோ பாண்டவபுராவுக்கோ அலைய வேண்டாம். விபத்து எங்கே நடந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஸ்ரீரங்கத்துக்காரர் திருச்சியில், சென்னைக்காரர் சிறுவழக்குகள் நீதிமன்றத்தில். ஆனால் 2022 ஏப்ரலிலிருந்து அதற்குக் கெடு ஆறு மாதம். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிருக்கிறது. அதை நம்பிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அந்த ஆறு மாதம் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்தோ, கட்டுப் பிரித்த நாளிலிருந்தோ அல்ல, விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணப்படும்.